ஐந்து மில்லிமீட்டர்

பாறசாலை சந்தைக்குப் பின்பக்கம், சைக்கிள் வாடகைக் கடைக்கும் தையற்கடைக்கும் நடுவே சுந்தரதாஸின் துப்பாக்கிக் கடை இருந்தது. கம்பிக் கதவு, நீள மேசை, மூன்று இரும்பு அலமாரி, சுவரில் கண்ணாடி போட்ட உரிமத் தாள். கிழக்கே மலையோரத்தில் ரப்பரும் மரச்சீனியும் போட்டவர்கள் பன்றி விரட்டத் தோட்டா வாங்க வருவார்கள். மற்றபடி கடை சும்மாதான் கிடக்கும்.

டீனா அங்கே வேலைக்குச் சேர்ந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. பத்தாம் வகுப்பும் டைப்ரைட்டிங்கும் முடித்துவிட்டு, பில் எழுதவும் பதிவேட்டை ஒழுங்காக வைக்கவும் வந்தவள். ஆனால் பழுதுபார்க்க வரும் துப்பாக்கிகளில் சில, வயிறு வீங்கிய குழலோடு வருவதைப் பார்த்தாள். ஏனென்று கேட்டபோது சுந்தரதாஸ், "மாறிப்போன தோட்டா போட்டிருப்பானுவ" என்று மட்டும் சொன்னார். தோட்டாப் பெட்டிகளுக்குள் மடித்து வைத்திருந்த தாள்களை அவள் அகராதியை வைத்துக்கொண்டு படித்தாள். எந்தத் துப்பாக்கிக்கு எது பொருந்தும், எது பொருந்துவதுபோல் தோன்றி ஆளைக் கொல்லும் என்று பிரித்து ஒரு நோட்டில் எழுதினாள். இப்போதெல்லாம் பழைய துப்பாக்கி எது வந்தாலும் சுந்தரதாஸே உள்ளே பார்த்துக் கூப்பிடுவார்: "மக்களே, இதுக்கு எது கொள்ளும்னு நீ பாரு."

1995 மாசியில், கும்ப மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, திருப்புறத்துச் சிவதாணுவும் மகன் சுனில்குமாரும் காரில் வந்து இறங்கினார்கள். சிவதாணுவின் குடும்பத்தில் மூன்று தலைமுறை மகாராஜா காலத்து அரசு உத்தியோகம் பார்த்தவர்கள். மகன் திருவனந்தபுரத்தில் டைல்ஸ் வியாபாரம். அவர்களுக்குப் பின்னால், துணி சுற்றிய துப்பாக்கியை மார்போடு அணைத்தபடி பொன்னப்பன் வந்தார். ஐம்பது வயது இருக்கும். அந்த வீட்டுத் தென்னைகளில் ஏறுகிறவர். செருப்பை வெளியே விட்டுவிட்டு வாசலோடு நின்றுகொண்டார்.

"பன்னிரண்டாம் நம்பர் தோட்டா, இருக்கதுல பவர் கூடினது. பத்தெண்ணம் எடு" என்றான் சுனில்குமார்.

"தோக்கப் பாக்கணும் சார்" என்று டீனா துணி சுற்றிய துப்பாக்கியைக் காட்டினாள்.

"லைசன்ஸ் கையில உண்டு. தோக்கு எதுக்கு?"

"பழைய தோக்குன்னா பாக்காம குடுக்க மாட்டோம்."

சிவதாணு கண்ணைக் காட்ட, பொன்னப்பன் துப்பாக்கியை மேசைமேல் வைத்தார். சீமையில் செய்த இரட்டைக்குழல் துப்பாக்கி. வெளிப்பக்கம், தோட்டாவை அடிக்கும் இரண்டு குதிரைகள் பறவையின் தலைபோல வளைந்திருந்தன. டீனா குழலை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். கடலேற்றம் வடிந்த ஈரமணலில் அலை விட்டுப்போகும் வரிகள் போல அதன் மேலெல்லாம் வரிகள் ஓடின. இரும்பையும் எஃகையும் நாடாவாக முறுக்கி, ஒரு கம்பியில் சுற்றி, அடித்து ஒட்டவைத்துச் செய்த குழல். பார்க்க அழகு. அதன் பலம் ஒட்டின இடங்களின் பலம்தான்.

மடக்கித் திறந்து அடியில் இருந்த முத்திரைகளைப் பார்த்தாள். பழைய காலத்துக் கரிமருந்துக்குச் சோதித்த முத்திரை இருந்தது. இந்தக் காலத்துப் புகையில்லா மருந்துக்குச் சோதித்த முத்திரை இல்லை. தோட்டா உட்காரும் அறைக்குள் அளவுகோலை விட்டாள். அறுபத்தைந்து மில்லிமீட்டர். இடது குழலின் உள்ளே, நடுவுக்குச் சற்று முன்னால், அம்மைத் தழும்புபோல் நாலைந்து துருப்பள்ளங்கள் தெரிந்தன.

"இதுக்கு நீங்க கேக்கது ஆவாது சார். இது கரிமருந்துக்குச் செஞ்ச தோக்காக்கும். நீங்க கேக்க தோட்டா எழுபது."

சுனில்குமார் சிரித்தான். மேசைமேல் காட்சிக்கு வைத்திருந்த மருந்தில்லாத மாதிரித் தோட்டாவை எடுத்துக் குழலில் போட்டான். அது வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. "பாரு. அளவெடுத்துச் செஞ்சதுபோலப் போவுது. பின்ன என்ன?"

டீனா இழுப்பறையிலிருந்து வெடித்த வெறுங்கூடு ஒன்றை எடுத்தாள். "இதும் அதே தோட்டாதான். வெடிச்ச பெறவு உள்ள நீளம்." அதைக் குழலில் போட்டாள். கடைசியில் முட்டி நின்றது. பித்தளை விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"வெடிக்காத தோட்டாக்கு வாய் மடிச்சிருக்கும். அதனால உள்ள போவும். வெடிக்கும்போ மடிப்பு விரியும். விரியதுக்கு அஞ்சு மில்லிமீட்டர் இடம் காணாது. அந்த வாய் குழலுக்க தொண்டையில போய் அடைக்கும். ஈய ரவை வெளிய போறதுக்கு முன்னால மருந்துக்க பலம் முழுசும் இந்த இடத்துல இடிக்கும்." விரலால் தொட்டுக் காட்டினாள். துப்பாக்கி பிடிக்கிறவனின் இடது கைக்குச் சற்று இந்தப்பக்கம்.

சிவதாணு குனிந்து அந்த இடத்தைப் பார்த்தார். "அப்போ சின்ன ரவை உள்ளதாப் பாத்துத் தா" என்றார்.

"ரவை சின்னதானா மருந்து சின்னதாவாது சார். பாக்கவேண்டியது மருந்தும் நீளமும். உங்களுக்கு எதுக்குண்ணு சொன்னா, கொள்ளியதாப் பாத்துத் தாறேன்."

விஷயம் இதுதான். அவர்கள் குடும்பத்துச் சாஸ்தா கோயிலில் கொடியேறும்போது இரண்டு வெடி, பத்தாம் நாள் சாமி நீராடும் ஆறாட்டுக்கு இரண்டு வெடி. அந்த உரிமை சிவதாணுவின் வீட்டுக்கு. போன வருடம் அவர் அப்பா காலத்துக் காகிதத் தோட்டாக்களைப் போட்டார்கள். நாலும் நமுத்துப்போய் வெடிக்கவில்லை. குதிரை விழும் டிக் சத்தம் மட்டும் கேட்டது. கூட்டம் சிரித்தது. வெடி உரிமையை வேறு வீட்டுக்கு மாற்றலாமே என்று கோயில் கமிட்டியில் ஒருவர் எழுந்து சொல்லிவிட்டார்.

"இந்த வருசம் சத்தம் நெய்யாற்றின்கரை வரை கேக்கணும்" என்றான் சுனில்குமார்.

"சத்தம்தான் வேணும்னா எளுப்பம். பித்தளைக் கூட்டுல கரிமருந்து மட்டும் போட்டு, ரவையில்லாம அடைச்சுத் தரலாம். கடைக்கு அதுக்கு அனுமதி உண்டு. இந்தத் தோக்கு அதத் தாங்கும். சத்தமும் உண்டு, புகையும் உண்டு."

"விளையாட்டு வெடி வாங்கவா நாங்க காரு பிடிச்சு வந்தோம்?"

டீனா அவன் கையிலிருந்த லைசன்ஸை வாங்கிப் புரட்டினாள். சிவதாணுவின் பெயருக்குக் கீழே, அவருக்காகத் துப்பாக்கி ஏந்த அனுமதி பெற்ற வேலையாள் என்று பொன்னப்பனின் பெயர் இருந்தது.

"வெடி வைக்கது ஆரு?" என்று கேட்டாள்.

"பொன்னப்பன்தான். அவன் எத்தன வருசமா வைக்கான்." சுனில்குமார் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "நீ தோட்டாவ எடு கொச்சே. பேசிட்டு நிக்காத."

வாசலில் நின்ற பொன்னப்பன் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் பெயர் காதில் விழாதது போல.

"எடுக்க மாட்டேன்" என்றாள் டீனா.

சுனில்குமார் உள்ளறைப் பக்கம் திரும்பி முதலாளியைக் கூப்பிட்டான். சுந்தரதாஸ் வந்தார். சிவதாணுவைக் கண்டதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கடையின் உரிமத்தைப் புதுப்பிக்கிற அலுவலகத்தில் சிவதாணுவின் மருமகன் இருந்தான். அதைச் சிவதாணு ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்ல வேண்டிய தேவையே இல்லை.

நடந்ததைக் கேட்டதும் சுந்தரதாஸ் அவளை ஓரமாக அழைத்தார். "குடுத்துடு மக்களே. அவங்க பொருள், அவங்க பாடு."

"அவங்க பொருள், பொன்னப்பன் அண்ணனுக்க கையி."

"நமக்கென்ன? நாம விக்கோம்."

"எங்க அப்பனுக்குத் தோட்டா குடுத்தவனும் அதத்தான் சொன்னான்."

சுந்தரதாஸ் தலை குனிந்தார். அவருக்கு அந்தக் கதை தெரியும். டீனாவுக்கு ஒன்பது வயதிருக்கும்போது, பொழியூர் கடலில் மீன் கூட்டத்தின்மேல் எறியும் வெடி அவள் அப்பா பத்ரோஸின் கையிலேயே வெடித்தது. கடற்கரையில் அதற்கும் பெயர் தோட்டாதான். திரி குட்டையாக இருக்கிறதே என்று பத்ரோஸ் கேட்டபோது, ஒன்றும் ஆகாது என்று கொடுத்தவன் சொல்லியிருந்தான். அந்த ஆள் இன்றும் இரண்டு கையையும் வீசிக்கொண்டு உச்சக்கடை சந்தைக்கு வருகிறான்.

டீனா இடுப்பிலிருந்த அலமாரிச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "கடை உங்களுக்குள்ளது. நீங்க எடுத்துக் குடுங்க. ஆனா அளந்து பாத்தேன், இந்தத் தோட்டா ஆவாதுன்னு சொன்னேன், அப்படியும் குடுத்தாச்சுன்னு பதிவேட்டுல நான் எழுதுவேன். பேரும் நேரமும் போட்டு எழுதுவேன்."

சுந்தரதாஸின் கை சாவிவரை போனது. எடுக்கவில்லை. சுனில்குமார் முகம் சிவந்து, "இது வேற எங்கயும் கிட்டாதா?" என்று துப்பாக்கியைத் தூக்கிப் பொன்னப்பனிடம் கொடுத்தான். கார் போனபிறகு சுந்தரதாஸ் நாற்காலியை எடுத்துச் சுவரோரம் போட்டார். "நாளைக்கு நீ வரண்டாம். நான் ஆள் விட்டுச் சொன்னபெறவு வா" என்றார்.

"விட்டாலும் விடாட்டாலும் நான் செஞ்சதுல மாத்தமில்ல" என்று சொல்லிவிட்டு டீனா பொழியூர் பஸ் ஏறினாள்.

அம்மா அல்போன்சம்மா அன்று இரவுச் சோறு போடும்வரை திட்டினாள். பெரிய வீட்டுக்காரர்களோடு வாயாடி வேலையைத் தொலைத்தவள் என்று அக்கம்பக்கம் பேசும் என்றாள். பத்ரோஸ் குறைக்கையால் வலையை முழங்காலோடு அழுத்தி, நல்ல கையால் கண்ணி போட்டுக்கொண்டிருந்தார்.

"வெடிச்சுப் பொட்டுனா பொட்டட்டு. அவனுவ தோக்கு தானே?" என்றார்.

"பொட்டுனா அவனுவளுக்கு ஒண்ணும் ஆவாது அப்பா. பிடிக்கது மரமேறுத ஒரு மனுசன்."

பத்ரோஸின் கை நின்றது. "அவன் அறிவானா?"

"கேட்டுட்டுதான் நின்னாரு. கேக்காததுபோல நின்னாரு."

"நானும் அப்படித்தான் நின்னேன்" என்றார் பத்ரோஸ். பிறகு வலையைத் தொடர்ந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் டீனா திருப்புறத்துக்குப் போனாள். சிவதாணுவின் வீட்டுக்குப் போகவில்லை. பொன்னப்பன் எங்கே என்று விசாரித்து, குளத்தங்கரைத் தோப்பில் ஒரு தென்னையின் கீழே போய் நின்றாள். மேலிருந்து நாலு குலை விழுந்த பிறகு அவர் இறங்கினார். அவளைக் கண்டதும் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"எனக்கு வேல கெடுத்திடாத பிள்ளே."

"என் வேல போச்சு. உங்ககிட்ட ஒரு காரியம் சொல்லிட்டுப் போறேன்."

"சின்ன மொதலாளி நாகர்கோவில் பக்கத்துல ஒரு கூட்டாளிகிட்ட இருந்து தோட்டா கொண்டுவந்தாச்சு. சிவப்பு நெறம். நீளமாட்டு இருக்கு."

டீனா பையிலிருந்து ஒரு வெறுங்கூட்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். கடையில் சொன்னதையெல்லாம் மறுபடி சொன்னாள். இப்போது மெதுவாக, அவர் கேட்கக் கேட்க. பொன்னப்பன் கூட்டுக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார்.

"பொட்டுமா?"

"பொட்டும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஒருவேள தாங்கலாம். இந்த வருசம் தாங்கிட்டு அடுத்த வருசம் போவலாம். ஆனா நான் பிடிக்க மாட்டேன். சுனில்குமார் சாரும் பிடிக்க மாட்டாரு. வேணும்னா கேட்டுப் பாருங்க."

"பொட்டுனா எங்க பொட்டும்?"

அவள் அவருடைய இடது கையைத் தொட்டாள். மரமேறித் தழும்பேறிய கை. பாறைபோல் இருந்தது. அந்தக் கையில்தான் அவர் குடும்பம் முழுதும் தொங்கியது.

"நாற்பது வருசமா அந்த வீட்டுச் சோறு" என்றார் பொன்னப்பன். தளநாரைக் காலில் மாட்டிக்கொண்டு அடுத்த மரத்தில் ஏறினார். கூட்டைத் திருப்பித் தரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கொடியேற்று. டீனா காலைப் பூசை முடிந்ததும் தேவாலயத்திலிருந்து நேரே பஸ் பிடித்துவந்து, கோயில் மதிலுக்கு வெளியே முந்திரி மரத்தடியில் நின்றாள். செண்டைமேளம் ஏறிக்கொண்டிருந்தது. கொடிமரத்துக்குப் பக்கத்தில் சிவதாணு மேல்துண்டை இடுப்பில் கட்டி நின்றார். சுனில்குமார் பட்டு வேட்டியில் இருந்தான். துப்பாக்கியோடு பொன்னப்பன் அவர்களுக்கு ஒரு அடி பின்னால்.

கொடி மெல்ல மேலே போனது. உச்சியைத் தொட்டதும் மேளம் நின்றது. பூசாரி திரும்பிப் பார்த்தார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பொன்னப்பன் துப்பாக்கியை மடக்கித் திறந்தார். உள்ளே இருந்த இரண்டு சிவப்புத் தோட்டாக்களையும் உருவி மதில்மேல் நிறுத்தி வைத்தார். பிறகு துப்பாக்கியை இரண்டு கையிலும் ஏந்தி சுனில்குமாரிடம் நீட்டினார்.

"என்னது?" என்றான் அவன்.

"நீங்க வையுங்க மொதலாளி. உரிமை உங்க வீட்டுக்குள்ளதாக்கும்."

"எலே, ஆளுவ பாக்குது. வெடி வை."

"வைக்க மாட்டேன்."

குரல் உயரவில்லை. ஆனால் மேளம் நின்றிருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. "இந்தத் தோட்டா இந்தத் தோக்குக்கு ஆவாதுன்னு பாறசாலக் கடையில அளந்து சொன்னதை நானும் கேட்டேன், நீங்களும் கேட்டீங்க. ஆவும்னு உங்களுக்கு உறப்புண்டுன்னா நீங்க வையுங்க. நான் பக்கத்துல நிக்கியேன். ஓடிப்போவ மாட்டேன்."

சுனில்குமார் துப்பாக்கியைப் பிடுங்கினான். தோட்டாக்களைப் போட்டு மூடினான். கட்டையைத் தோளில் வைத்தான். இடது கை குழலுக்கு அடியில் போனது. அங்கே சற்று நின்றது. பிறகு பின்னால் நகர்ந்தது, இன்னும் பின்னால் நகர்ந்து, பிடிக்கவே முடியாத இடத்தில் வந்து நின்றது. குழலின் வாய் ஆடியது. முன்வரிசையில் நின்றவர்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு விலகினார்கள். பொன்னப்பன் மட்டும் சொன்னபடியே பக்கத்தில் நின்றார்.

சுனில்குமார் குதிரையை இழுத்தான். அது நிமிர்ந்து நின்றது. விரல் விசைக்குப் போகவில்லை.

"இறக்கு" என்றார் சிவதாணு.

மகன் கேட்காதவன்போல் நின்றான்.

"இறக்குன்னு சொன்னேன்."

அவரே போய் குதிரையைக் கட்டைவிரலால் தாங்கி மெல்ல இறக்கி, துப்பாக்கியை வாங்கித் தோட்டாக்களை எடுத்தார். மேளக்காரர்களைப் பார்த்துத் தலையசைத்தார். மேளம் மறுபடி தொடங்கியது. அந்த வருடம் வெடியில்லாமலே கொடி பறந்தது. அந்தத் துப்பாக்கி வெடித்துச் சிதறியிருக்குமா, தாங்கியிருக்குமா என்று கடைசிவரை யாருக்கும் தெரியவரவில்லை.

கூட்டம் கலைந்தபோது சுனில்குமார் மதிலுக்கு வெளியே டீனாவைக் கண்டான். வேகமாக வந்தான்.

"நீயாக்கும் இவனக் கெளப்பிவிட்டது."

"ஆமா. நானாக்கும்."

"கோயில் காரியத்துல உனக்கென்ன?"

"கோயில் காரியத்துல எனக்கொண்ணும் இல்ல. தோட்டாக் காரியத்துல உண்டு. நீங்க இனியும் அந்தத் தோக்குல அதப் போட்டா, பிடிக்கப் போறவர் ஆரானாலும் நான் தேடிப்போய்ச் சொல்லுவேன்."

அவன் சுற்றிப் பார்த்தான். பின்னால் ஆட்கள் நின்று பார்ப்பதை உணர்ந்து காருக்குப் போய்விட்டான். பொன்னப்பன் நடையில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். டீனாவைப் பார்த்தார். கிட்டே வரவில்லை. தலையை ஒருமுறை ஆட்டிவிட்டு வரப்பில் இறங்கி நடந்தார். மறுநாளே அந்த வீட்டில் அவருக்கு வேலையில்லை என்றாகிவிட்டது. அவர் கேட்கப் போகவுமில்லை. குளத்தூரிலும் மாநில எல்லைக்கு அந்தப்பக்கத்துக் கொல்லங்கோட்டிலும் ஏறத் தென்னை இருந்தது. தூரம்தான் கூடிப்போனது. பல நாள் இருட்டுவதற்கு முன் வீடு வந்துசேர முடியவில்லை.

புதன்கிழமை சுந்தரதாஸ் ஆள் விடவில்லை. தானே பொழியூருக்கு வந்தார். மலையோரத்திலிருந்து இரண்டு பேர் பழைய துப்பாக்கிகளோடு வந்து, அந்தப் பிள்ளை பார்க்காமல் வாங்க மாட்டோம் என்று திரும்பிப் போயிருந்தார்கள். கோயிலில் நடந்தது அவர்கள் காதுவரை போயிருந்தது.

"வா மக்களே" என்றார்.

"வாறேன். ஆனா பழைய தோக்கு எதுவானாலும், ஆரு கொண்டுவந்தாலும், அளக்காம தோட்டா குடுக்கப்பிடாது. அத போர்டுல எழுதி வைக்கணும். நீங்க ஒப்பு போடணும்."

"சிவதாணு சாருக்க மருமகன்..."

"அவரு உரிமத்த நிறுத்துனா நிறுத்தட்டு. அப்போ ரெண்டுபேரும் வேற வேல பாப்போம்."

சுந்தரதாஸ் பத்ரோஸைப் பார்த்தார். பத்ரோஸ் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அல்போன்சம்மா உள்ளிருந்து பால் விடாத கட்டன்சாயா கொண்டுவந்து வைத்தாள். அதைக் குடித்து முடித்தபிறகு அவர், "எழுதுவோம்" என்றார்.

ஆறாட்டுக்கு மூன்று நாளுக்கு முன்னால் சிவதாணு கடைக்கு வந்தார். காரில் அல்ல, பஸ்ஸில். துணி சுற்றிய துப்பாக்கியை அவரே சுமந்திருந்தார். போர்டை நின்று வாசித்தார். பிறகு துப்பாக்கியை மேசைமேல் வைத்தார்.

டீனா முதல்முறை பார்ப்பதுபோலவே எல்லாவற்றையும் மறுபடி பார்த்தாள். முத்திரை, அறை நீளம், உள்பக்கம். இடது குழலுக்குள் ஒரு குச்சியில் துணி சுற்றி விட்டு எடுத்தாள். துணியில் துரு வந்தது.

"எடது குழல்ல கரிமருந்தும் வேண்டாம் சார். அத விட்டுடுங்க. வலதுல மட்டும் வைக்கலாம். ஒண்ணு வச்சு, தொறந்து, வெறுங்கூட்ட எடுத்துட்டு அடுத்தது. ரவை இல்ல. வானத்தப் பாத்துப் பிடிச்சாப் போதும்."

"சரி."

"வைக்கது ஆரு? பதிவேட்டுல எழுதணும்."

சிவதாணு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அறுபத்தெட்டு வயது.

"நான்தான்" என்றார்.

"இதுக்கு முன்ன வச்சதுண்டா?"

"இல்ல."

டீனா அலமாரியைத் திறந்து இரண்டு பித்தளைக் கூடுகளை எடுத்துவந்து, அவர் முன்னாலேயே மருந்தை அளந்து போட்டு அடைத்தாள். அவர் ஒவ்வொன்றையும் கவனமாகப் பார்த்தார். எப்படி நிற்க வேண்டும், கட்டையை எங்கே வைக்க வேண்டும் என்று அவள் சொன்னபோது குறுக்கே பேசவில்லை.

"புகை உண்டுன்னு சொன்னியே" என்றார் கடைசியில்.

"நெறய வரும். முகத்துக்கே வரும். கண்ண மட்டும் மூடப்பிடாது சார்."